கோதிக் தெருவில் ஒரு சன்ஷேட்

கவரைப்பேட்டை தாண்டி நெடுஞ்சாலையிலிருந்து மேற்கே திரும்பினால் ஐரோப்பா நகர் வரும். அங்கே வீடு வாங்கியவர்கள் ஆளுக்கொரு நூற்றாண்டில் குடியிருந்தார்கள். யாருக்கு எந்த நூற்றாண்டு என்பதைத் தெரு முடிவு செய்தது. நுழைவாயிலை ஒட்டிய முதல் தெரு கிரேக்கம். அங்கே ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் தடித்த தூண்கள் நின்றன. தூண்களுக்கு நடுவே கார் நுழையவில்லை என்பதால் கார்கள் ரோமானியத் தெருவில் நின்றன. ரோமானியத் தெருவில் எல்லாம் வளைவு. மேல்தொட்டித் தண்ணீர்கூட வளைவுகளின் மேல் ஓடும் திறந்த கால்வாயில்தான் வீடுகளுக்கு வந்தது; வழியில் காக்கைகள் குளித்தன. அதற்கடுத்து, சுவர் தடித்து ஜன்னல் சிறுத்த ரொமனெஸ்க் தெரு. பிறகு கோதிக், மறுமலர்ச்சி, பரோக், நியோ கிளாசிக்கல் என்று போய், கண்ணாடியும் கான்கிரீட்டுமான நவீனத் தெருவில் நகர் முடியும்.

நுழைவாயிலிலிருந்து பின்பக்கச் சுற்றுச்சுவர் வரை ஒருவர் காலாற நடந்தால் மேற்கத்தியக் கட்டடக்கலையின் இரண்டாயிரத்து ஐந்நூறு வருட வளர்ச்சியைப் பார்த்துவிடலாம் என்று மனை போட்ட கம்பெனி விளம்பரம் செய்திருந்தது. சுற்றுச்சுவருக்கு அப்பால் உருக்காலைகள் கொட்டும் கசடு மேடு இருந்தது. அது எந்தக் காலகட்டம் என்று விளம்பரத்தில் இல்லை.

தானியேல் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்பட ஆலையில் உலைப் பிரிவில் வேலை பார்த்தார். அவர் மனைவி சுகிர்தா பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங். சொந்த வீடு தேடி அவர்கள் ஐரோப்பா நகருக்கு வந்தபோது நான்காம் தெருவில் ஒரே ஒரு வீடு மிச்சமிருந்தது. கோதிக் என்றால் இன்னா என்று தானியேல் கேட்டார். சர்ச் மாதிரி இருக்கும் சார், நீங்க கிறிஸ்டியன்தானே, செட் ஆவும் என்றாள் விற்பனைப் பெண். அவர்கள் போகிற சபை ஒரு தகரக் கொட்டகையில் நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் அந்தப் பதில் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

வீடு உயரமாக இருந்தது. அகலம் இருக்க வேண்டிய இடத்திலும் உயரம்தான் இருந்தது. ஜன்னல்கள் மேலே கூர்ந்து முடிந்தன. எல்லாவற்றிலும் வண்ணக் கண்ணாடி பதித்திருந்தது. கூடத்து ஜன்னலில் தாடி வைத்த பெரியவர் ஒருவர் ஆட்டுக்குட்டியை ஏந்தி நின்றார். சுகிர்தா குடிவந்த அன்று அவருக்கு முன்னால் மண்டியிட்டு ஜெபம் பண்ணினாள். அவர் மனை கம்பெனி முதலாளியின் அப்பா என்பது பிறகுதான் தெரிந்தது. பக்கச் சுவரிலிருந்து ஒரு கான்கிரீட் கை அரைவில்லாக வளைந்து தரையில் இறங்கியது. அதற்குப் பறக்கும் முட்டு என்று பெயர். பெரிய தேவாலயங்களில் உயரமான சுவர் வெளியே சாயாமல் அது தாங்கிப் பிடிக்குமாம். தானியேல் வீட்டில் அது எதையும் தாங்கவில்லை. சமையலறைக்குப் போகிற சந்து வழியை அடைத்துக்கொண்டு நின்றது. சிலிண்டர் போட வருகிறவர் ஒவ்வொரு முறையும் அதில் தலையை இடித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதே வார்த்தையைச் சொன்னார்.

இதெல்லாம் தானியேலுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஐப்பசி மழை பிடித்தபோதுதான் பேஜாரு ஆரம்பித்தது. ஜன்னலுக்கு மேலே சன்ஷேட் கிடையாது. கண்ணாடிப் பெரியவரின் தாடி வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கி, சுவர் ஊறி, பாசி பிடித்து, பிறகு கறுப்பாகப் பூஞ்சை பூத்தது. ஜன்னலைத் திறந்து காயவிடலாம் என்றால் திறக்கிற மாதிரி எந்த ஜன்னலும் செய்யப்படவில்லை. சுகிர்தாவுக்கு மாவுத் தூசியால் ஏற்கெனவே கொஞ்சம் வீசிங் உண்டு. இப்போது நாலு படி ஏறினாலே நின்றுவிட்டாள். பேசும்போது பாதி வாக்கியத்தில் மூச்சு தீர்ந்து, மீதியைக் கையால் சொன்னாள். பொன்னேரியில் டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, மருந்து எழுதினார். மருந்து பாதி வேலைதான் செய்யும், வீட்டில் ஈரம் இருக்கக் கூடாது, காத்து வரணும், ஜன்னலைத் திறந்து வையுங்க என்றார். வீட்டில் திறக்கிற ஜன்னல் இல்லை என்று தானியேல் சொன்னதை அவர் நம்பவில்லை.

தானியேல் ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்தார். கூடத்து ஜன்னலுக்கு மேலே ஒரு சன்ஷேட், கண்ணாடிக்குப் பதில் சாதாரண இரட்டைக் கதவு ஜன்னல். இவ்வளவுதான் வேலை. கொத்தனார் பலகை அடித்துக் கம்பி வளைத்துக்கொண்டிருக்கும்போதே வாட்ச்மேன் வந்து விசில் ஊதினார். பின்னாலேயே சங்கத்திலிருந்து ஆள் வந்து, பதின்மூன்றாம் நூற்றாண்டில் அனுமதியின்றிக் கை வைத்ததற்காக விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார்.

ஐரோப்பா நகர் குடியிருப்போர் நலச் சங்கம் முதலில் தண்ணீருக்காகவும் தெருவிளக்குக்காகவும் குப்பைக்காகவும் தொடங்கப்பட்டது. மூன்றையும் சங்கத்தால் சரிசெய்ய முடியவில்லை. முடியாத வேலைகளைப் பிடித்துக்கொண்டு தொங்குவதைவிட, முடிகிற வேலை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு பொதுக்குழுவில் முடிவானது. அப்படிப் பிறந்ததுதான் பாணித் தூய்மைக் குழு. அந்தந்தத் தெரு அந்தந்த நூற்றாண்டிலேயே இருக்கிறதா என்று கண்காணிப்பது அதன் பணி.

குழுத் தலைவர் சுப்பிரமணி ஓய்வுபெற்ற அரசு அதிகாரி. எந்தத் துறை என்று அவர் சொன்னதில்லை. கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கும் துறை என்று மட்டும் பேச்சிலிருந்து தெரிந்தது. ரொமனெஸ்க் தெருவில், கோட்டை மாதிரிச் சுவர் உள்ள வீட்டில் தனியாக இருந்தார். ஆலோசகர் அன்புசெல்வன் ஒரு வாரச் சுற்றுலாவில் ஐரோப்பா முழுவதையும் பார்த்துவந்தவர். பெரும்பகுதியைப் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தார். பாரிஸ் நகரத்துப் பெரிய தேவாலயத்தை மட்டும் பார்க்கவில்லை. மற்றவர்கள் அதைப் பார்த்தபோது அவர் கழிப்பறைக்கான வரிசையில் நின்றிருந்தார். அந்த வரிசையிலேயே மத்திய காலத்தின் பொறுமையை உணர முடிந்தது என்று சொல்வார்.

விசாரணை ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தில் நடந்தது. தானியேல் தன் பக்கத்தைச் சொன்னார். மழைத் தண்ணீர், பூஞ்சை, வீசிங், டாக்டர். அன்புசெல்வன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, கோதிக் கலை என்பது மேல்நோக்கிய ஏக்கம், சன்ஷேட் என்பது வெளிநோக்கிய நீட்டல், இரண்டும் ஒரே சுவரில் இருக்க முடியாது என்றார். தானியேலுக்குப் புரியவில்லை. அப்படியானால் தன் வீட்டை மட்டும் அடுத்த தெருவான மறுமலர்ச்சிப் பாணிக்கு மாற்றிக்கொள்ளலாமா, அங்கே ஜன்னல் திறக்கிறதே என்று பணிவாகக் கேட்டார்.

சுப்பிரமணி எழுந்து நின்றார். உட்கார்ந்துகொண்டு பேச முடியாத விஷயம் என்று அவர் நினைத்தால் எழுந்து நிற்பார்.

"நான் முப்பது வருஷம் சர்வீஸ்ல இருந்தவன். ஒரு ஃபைலைக்கூட அவசரப்பட்டு முடிச்சதில்ல. அந்தப் பொறுமையோடதான் இதையும் பாக்கறேன். கோதிக்லேர்ந்து மறுமலர்ச்சிக்கு வர ஐரோப்பா முந்நூறு வருஷம் எடுத்துக்கிச்சு. எத்தனை போர், எத்தனை பிளேக். மிஸ்டர் தானியேல் போன மாசம் குடிவந்துட்டு இந்த மாசம் மறுமலர்ச்சி கேக்கறார்."

கூட்டத்தில் எல்லாரும் தானியேலைத் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கே தான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டதாகத் தோன்றியது.

மழைத் தண்ணீர் பிரச்சினைக்குப் பாணிக்குள்ளேயே தீர்வு உண்டு என்று அன்புசெல்வன் சொன்னார். கோதிக் தேவாலயங்களில் கூரைத் தண்ணீரைச் சுவரில் படாமல் தூரத் துப்புவதற்குக் கல்லால் கோரமான மிருகங்களைச் செய்து வைப்பார்கள். அதை வைத்துக்கொள்ளட்டும். தானியேல் செலவிலேயே ஒரு சிமென்ட் மிருகம் வந்து சேர்ந்தது. யாளியும் நாயும் கலந்த முகம், நீண்ட கழுத்து, திறந்த வாய். அடுத்த மழையில் அது கூரைத் தண்ணீர் முழுவதையும் சேர்த்துச் சரியாக வாசற்படியில் துப்பியது. ஷிப்ட் முடிந்து வந்த தானியேல் தன் வீட்டுக்குள் நுழைய ரெயின்கோட் போட வேண்டியிருந்தது. சுவரில் இறங்குகிற தண்ணீர் அதுபாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் மிருகத்துக்கும் சம்பந்தமில்லை.

மற்ற தெருக்களில் இதைவிடச் சுகமாக இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. மறுமலர்ச்சித் தெருவில் இருந்த ரகு, தானியேலோடு ஒரே ஆலையில் மோல்டிங் பிரிவில் இருப்பவன். மறுமலர்ச்சி என்றால் இடமும் வலமும் ஒன்றாக இருக்க வேண்டும். ரகு வீட்டில் வராந்தாவின் இடது பக்கம் கழிப்பறை இருந்தது. வலது பக்கம் இல்லை. சமன் குலைகிறது என்று குழு கண்டுபிடித்தது. இரண்டாவது கழிப்பறைக்கு இடமில்லாததால் வலது பக்கச் சுவரில் வெறும் கதவு மட்டும் வைக்கச் சொன்னார்கள். ரகுவின் மாமனார் விருந்துக்கு வந்த அன்று அவசரத்தில் அந்தக் கதவைத் திறந்துகொண்டு சுவருக்குள் பாய்ந்தார். அதன் பிறகு அவர் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை.

பரோக் தெருவில் சுவர்கள் அலை மாதிரி வளைந்து போனதால் பீரோக்கள் சுவரோடு ஒட்டி நிற்கவில்லை. பின்னால் பூனைகள் குட்டி போட்டன. நவீனத் தெருவில் ஜோதிலட்சுமி என்கிற அம்மாள் வாசலில் கோலம் போட்டதற்கு நோட்டீஸ் வாங்கினார். நவீனக் கட்டடக்கலை அலங்காரத்தை ஒழித்துவிட்டது என்பது குழுவின் வாதம். கோலம் அலங்காரம் இல்ல சார், வாசல் என்று அந்த அம்மாள் சொன்னார். நீண்ட ஆலோசனைக்குப் பிறகு ஒரே ஒரு நேர்க்கோடு போட்டுக்கொள்ள அனுமதித்தார்கள். அவர் தினமும் காலையில் அரிசி மாவால் ஒரு கோடு கிழித்தார். எறும்புகள் வரிசையாக வந்து தின்றுவிட்டுப் போயின. அந்த வரிசையைப் பார்த்த அன்புசெல்வன் இதுதான் நவீனம் என்று கண் கலங்கினார்.

குழுவின் பெரும்பகுதி நேரத்தை ஒரு வழக்கு எடுத்துக்கொண்டது. ஏழாம் தெருவான நியோ கிளாசிக்கல் தங்களைக் காப்பியடிக்கிறது என்று முதல் தெருக்காரர்கள் புகார் கொடுத்திருந்தார்கள். அதே தூண், அதே முக்கோண முகடு. கூரியர்காரர் முதல் தெருப் பார்சலை ஏழாம் தெருவில் கொடுத்துவிட்டுப் போகிறார். நாங்கள் காப்பியடிக்கவில்லை, மீட்டெடுக்கிறோம் என்றார்கள் ஏழாம் தெருக்காரர்கள். பல ஞாயிறுகள் வாதம் நடந்தது. கடைசியில் சமரசம் ஆனது. எல்லாப் பார்சலும் முதலில் கிரேக்கத் தெருவுக்கு வர வேண்டும். அங்கே பிரித்துப் பார்த்துவிட்டு, நடுவில் கழிந்த நூற்றாண்டுகளை மதிக்கும் விதத்தில் சற்றுத் தாமதித்து, ஏழாம் தெருவுக்கு அனுப்ப வேண்டும்.

இந்த வழக்கு முடியட்டும் என்று சுகிர்தாவின் ஜன்னல் காத்திருந்தது.

அவள் வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். பகலில் வாசலுக்கு வெளியே, மிருகம் துப்பாத ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்குள் இருப்பதைவிட நெடுஞ்சாலைத் தூசியில் மூச்சு விடுவது சுலபமாக இருந்தது. தானியேலுக்கு உலைக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் அவள் நெஞ்சுச் சத்தம் காதில் கேட்டது. ஒரு தடவை இரும்புக் குழம்பு ஊற்றும் நேரத்தில் கவனம் பிசகியபோது சூப்பர்வைசர் அவர் கையைப் பிடித்து இழுத்தார். அன்றைக்குத் தானியேல் வீட்டுக்கு வந்து, கடப்பாறையை எடுத்து ஜன்னலை உடைத்துவிடுகிறேன் என்றார். சுகிர்தா வேண்டாம் என்று தலையாட்டினாள். சங்கம் ஒவ்வொரு மீறலுக்கும் தண்ணீர்க் குழாயை அடைத்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். அடுத்த பொதுக்குழுவுக்குத் தானே வருவதாகச் சொன்னாள்.

பொதுக்குழுவில் அவள் பேச எழுந்ததும் சத்தம் அடங்கியது. நின்று, மூச்சைச் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள்.

"எனக்குப் பாணி தெரியாது சார். நான் மூச்சு உடணும். எந்த நூத்தாண்டுல உடச் சொன்னாலும் உட்டுக்கறேன். ஜன்னல மட்டும் தொறக்க உடுங்க."

ஜோதிலட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சுப்பிரமணியின் முகமும் இளகித்தான் இருந்தது. அவர் எழுந்து, குழுவுக்கு இதயம் இல்லை என்று யாரும் நினைக்கக் கூடாது என்று தொடங்கினார். தங்கச்சியின் கஷ்டம் தன்னை மிகவும் பாதித்தது என்றார். ஆனால் மத்திய கால ஐரோப்பாவிலும் மக்கள் புகையிலும் ஈரத்திலும் மூச்சுத் திணறித்தான் வாழ்ந்தார்கள். கட்டடத்தை மட்டும் பலர் நகலெடுக்கலாம், அந்த வாழ்க்கையையே நகலெடுத்துக் காட்டுகிற பாக்கியம் நம் நகரில் ஒரே ஒரு குடும்பத்துக்குத்தான் கிடைத்திருக்கிறது என்றார். பழக்கத்தில் சிலர் கைதட்டினார்கள். பிறகு எதற்குத் தட்டினோம் என்று புரிந்து நிறுத்தினார்கள். கோரிக்கை துணைக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. துணைக்குழு என்பது அன்புசெல்வன்.

திரும்பி நடக்கும்போது சுகிர்தா சிரித்தாள். சிரித்தால் இருமல் வரும் என்று தெரிந்தும் சிரித்தாள்.

"இன்னா சிரிப்பு?" என்றார் தானியேல்.

"பாக்கியம்னு சொன்னாரே" என்றாள்.

கார்த்திகையில் புயல் வந்தது. பழவேற்காடு பக்கம் கரையைக் கடந்து கும்மிடிப்பூண்டியை உலுக்கிவிட்டுப் போனது. தொழிற்பேட்டையில் தகரக் கூரைகள் பறந்தன. ஐரோப்பா நகரில் கிரேக்கத் தூண்கள் இரண்டு சாய்ந்ததில் உள்ளே தெர்மாகோல் இருப்பது தெரியவந்தது. தானியேல் வீட்டின் கூடத்து ஜன்னலில் ஆட்டுக்குட்டியும் தாடியும் முதலாளியின் அப்பாவும் மொத்தமாகப் பெயர்ந்து தெருவில் விழுந்தார்கள். மிருகம் கழுத்தோடு ஒடிந்தது.

மறுநாள் வெயில் அடித்தது. உடைந்த ஜன்னல் வழியாகக் காற்று நுழைந்து பின்பக்கம் உடைந்த இன்னொரு ஜன்னல் வழியாக வெளியே போனது. குடிவந்ததிலிருந்து அந்த வீட்டுக்குள் காற்று நடந்து போவது அதுதான் முதல் தடவை. சுவர் காய ஆரம்பித்தது. இரண்டு மூன்று நாளில் சுகிர்தா நிற்காமல் படி ஏறினாள். ஒரு மாலை அவள் முழு வாக்கியமாக, நடுவில் நிறுத்தாமல், தானியேல் சட்டைப் பையில் பீடி வைத்திருப்பதைப் பற்றித் திட்டினாள். அவர் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டார்.

குழு ஆய்வுக்கு வந்தது. தானியேல் பயந்துகொண்டே கதவைத் திறந்தார். கண்ணாடி போடச் சொன்னால் சுகிர்தா மறுபடி பழையபடி ஆகிவிடுவாள். ஆனால் அன்புசெல்வன் வாசலிலேயே அசையாமல் நின்றார். உடைந்த கூர்வளைவு, அதில் எங்கிருந்தோ ஏறியிருந்த கோவைக்கொடி, தலையில்லாத மிருகம், பின்னால் வானம். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பிரபுக்கள் தங்கள் தோட்டங்களில் காசு கொடுத்து இடிந்த கோதிக் கட்டடங்களைப் புதிதாகக் கட்டி வைத்தார்கள், அதற்கு இடிபாட்டு அழகியல் என்று பெயர், மேற்கத்தியக் கட்டடக்கலை வரலாற்றில் நம் நகரில் இல்லாத ஒரே அத்தியாயம் அதுதான் என்றார். சுப்பிரமணி அங்கேயே, நின்றபடியே, தீர்மானம் நிறைவேற்றினார். இனி அந்த வீடு கோதிக் அல்ல, இடிபாடு.

இடிபாட்டுக்கு எந்தப் பாணி விதியும் பொருந்தாது என்று சொன்னதும் தானியேல் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். சுகிர்தா எல்லாருக்கும் டீ போட்டாள். சுப்பிரமணி டீயைக் குடித்துவிட்டு, குழு எப்போதும் மக்கள் பக்கம்தான் என்றார்.

செய்தி நகர் முழுக்கப் பரவியது. விதியே இல்லாத பாணி ஒன்று இருக்கிறது என்று தெரிந்ததும் ரகு ஞாயிற்றுக்கிழமை காலையில் சம்மட்டியோடு கிளம்பி, மாமனார் முட்டிய கதவையும் அதைச் சுற்றியிருந்த சுவரையும் உடைத்து, தன் வீடும் இடிபாடு என்று அறிவித்தான். பரோக் தெருவில் அலைச் சுவர்களை இடித்தார்கள். ஜோதிலட்சுமி முகப்புக் கண்ணாடியை உடைத்துவிட்டு வாசல் நிறையக் கோலம் போட்டார். எல்லாருக்கும் அன்புசெல்வன் வந்து சான்று கொடுத்தார். சிலருக்கு, இன்னும் கொஞ்சம் இடிக்கலாம் என்று ஆலோசனையும் சொன்னார். அந்த மாதம் ஐரோப்பா நகரில் எல்லாரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

தை பிறந்ததும் அடுத்த சுற்றறிக்கை வந்தது. இடிபாடுகளில் இரவில் மின்விளக்கு எரிகிறது, குக்கர் விசில் அடிக்கிறது, கொடியில் லுங்கி காய்கிறது. இவை இடிபாட்டின் தன்மைக்கு முரணானவை. உலகில் எந்த இடிபாட்டிலும் மனிதர்கள் குடியிருப்பதில்லை என்பதால், இடிபாடு என்று அறிவிக்கப்பட்ட வீடுகளில் உள்ளவர்கள் மாத முடிவுக்குள் காலி செய்ய வேண்டும். உரிமை அவர்களுடையதே. வசிப்பது மட்டும் கூடாது. காலி செய்யாத வீடுகள் பழைய பாணிக்கே திரும்பியதாகக் கருதப்பட்டு, கண்ணாடி முதலியவை அவர்கள் செலவில் மறுபடி பொருத்தப்படும்.

தானியேல் சுப்பிரமணி வீட்டுக்குப் போனார். ரொமனெஸ்க் வீட்டின் உள்ளே பகலிலும் விளக்கு எரிந்தது. தன் சொந்த வீட்டிலிருந்து தன்னைப் போகச் சொல்வது நியாயமா என்று கேட்டார். கடைசியாகக் கேட்கிறோம் என்பது தெரிந்ததால் அவருக்குக் கோபம்கூட வரவில்லை. சுப்பிரமணி அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க தானியேல். ரெண்டு வருஷமா நான் பாக்கறேன். தெரு சரியா இருக்கு, முகப்பு சரியா இருக்கு, ஆனா ஏதோ ஒண்ணு கெடுத்துக்கிட்டே இருக்கு. என்னன்னு இப்பதான் புரிஞ்சுது. ஆளுங்க."

தானியேல் தண்ணீரைக் குடித்து முடித்தார். திரும்பி வந்து சுகிர்தாவிடம் அப்படியே சொன்னார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கண்ணாடியைத் திருப்பிப் போட்டால் தன்னால் இங்கே இருக்க முடியாது, போடாவிட்டால் இவர்கள் இருக்க விடமாட்டார்கள், இதில் யோசிக்க இன்னா இருக்கு என்றாள். பிறகு, பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு, தான் ஜெபம் பண்ணின இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த வீட்டுக்காக அவள் பிஸ்கட் தூசியில் எத்தனை வருஷம் ஓவர்டைம் பார்த்தாள் என்று அவருக்குத் தெரியும். அவள் பக்கத்தில் போய் நின்றார்.

"போலாம்" என்றாள். "ஊடு கீது எல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்."

காலி செய்த அன்று ஒரு குட்டியானை வண்டியில் சாமான்களை ஏற்றினார்கள். நுழைவாயிலில் சுப்பிரமணியும் அன்புசெல்வனும் மாலையோடு நின்றிருந்தார்கள். சுப்பிரமணி சிறிய உரை ஒன்று ஆற்றினார். ஒரு கட்டடத்தைக் கட்டுவது கொத்தனார், ஆனால் ஒரு இடிபாட்டை முழுமையாக்குவது அதை விட்டுப் போகிறவர்கள்தான் என்றார். தானியேல் தம்பதி தங்கள் பங்கை நிறைவாகச் செய்திருக்கிறார்கள் என்று மாலை போட்டார். வண்டிக்காரர் இன்ஜினை அணைக்கவே இல்லை.

கவரைப்பேட்டை ரயில் நிலையத்துக்குப் பின்னால் வாடகைக்கு ஒரு வீடு கிடைத்தது. ஒரு கூடம், ஒரு அறை, தளம் போட்ட கூரை. எந்தப் பாணி என்று வீட்டுக்காரரிடம் தானியேல் கேட்கவில்லை. கூட்ஸ் வண்டி போகும்போது பாத்திரங்கள் நடுங்கின. சுகிர்தா மறுபடி வேலைக்குப் போனாள். மாவுத் தூசி இல்லாத பிரிவாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வீசிங் முழுசாகப் போகவில்லை, ஆனால் அடங்கியிருந்தது. வங்கியில் இடிபாட்டுக்கும் தவணை கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ரகு ஆலையில் அவ்வப்போது சேதி சொல்வான். அவனும் காலி செய்து ஆரம்பாக்கம் போய்விட்டான். இடித்தவர்கள் எல்லாரும் போனார்கள். இடிக்காதவர்கள், பக்கத்து வீடுகளில் ஆளில்லாமல் பயந்து போனார்கள். கண்ணாடி வீடுகளில் சித்திரை வெயிலைத் தாங்க முடியாதவர்கள் தனியாகப் போனார்கள். அன்புசெல்வன்கூடத் திருநின்றவூரில் ஒரு சாதாரண பிளாட்டுக்கு மாறிவிட்டாராம். காரணம் கேட்டதற்கு, நல்லா காத்து வருது என்றாராம். தெருவெல்லாம் வேலிக்காத்தான் முளைத்து, ஏழாம் தெருவும் முதல் தெருவும் இப்போது உண்மையிலேயே ஒன்று போலிருக்கிறது என்றான் ரகு.

சங்கத்தின் வாட்ஸாப் குழுவிலிருந்து யாரையும் நீக்கவில்லை, உரிமையாளர்கள் என்பதால். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபை முடிந்து வந்து நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தானியேலின் போனில் செய்தி வந்தது. அவர் அதை இரண்டு தடவை படித்தார்.

"இன்னாவாம்?" என்றாள் சுகிர்தா.

பாணித் தூய்மைக் குழு ஆண்டறிக்கை போட்டிருப்பதாகச் சொன்னார். இந்த வருடம் ஐரோப்பா நகரில் பாணி மீறல் ஒன்றுகூட நடக்கவில்லை. குழு தொடங்கியதிலிருந்து இது முதல் முறை. தலைவர் எல்லாருக்கும் நன்றி தெரிவித்திருக்கிறார்.

"அங்க யாரு கீறாங்க இப்போ?"

"தலைவரு மட்டும்தான்."

சுகிர்தா இட்லியைப் பிட்டபடி யோசித்தாள். அந்த ஊடு ரொம்ப இருட்டு, சொவுரு வேற அத்தாந்தண்டி, மழைக்காலம் வருது என்றாள். தனியா கீற மனுசன், கதவையாவது தொறந்து வெச்சிக்கச் சொல்லுங்க என்றாள்.

தானியேல் அவளைப் பார்த்தார். அவள் நிஜமாகத்தான் சொல்கிறாள் என்று தெரிந்ததும், கையைக் கழுவிக்கொண்டு வந்து, அவள் சொன்னதைக் கொஞ்சம் மரியாதையாக மாற்றித் தட்டி அனுப்பினார்.

பதில் உடனே வந்தது. கோரிக்கை பெறப்பட்டது, குழுவின் அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கப்படும்.